கொழுந்தைத் தராசு நிறுக்கும். களைப்பை யார் நிறுப்பது?

(பதுளை மாவட்டத் தோட்ட மாதர் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். ஹப்புத்தளைப் பக்கத்துத் தோழிகள் விடியற்காலைப் பனியிலேயே புறப்பட்டிருக்கிறார்கள். துணி துவைக்க, விறகு தேட, பிள்ளைகளோடு இருக்க என்று கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையைச் சங்கத்துக்குத் தந்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி.

தலைவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள். நாங்கள் பேச எடுத்துக்கொண்டது களைப்பு. சம்பளக் கூட்டத்தில் களைப்புக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. கிலோ குறைந்தால் அரைப் பேர். கிலோ ஏன் குறைகிறது என்று கேட்டால், பாதிக் கதை களைப்பில்தான் இருக்கிறது.

கொழுந்து மடுவத்தில் நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரே மலை, ஒரே நேரம், பக்கத்துப் பக்கத்து நிரை. ஒருவருக்கு 22 கிலோ நிற்கிறது. இன்னொருவருக்கு 14 கிலோ. "என்னா புள்ள, நாள் பூரா நின்னு இவ்வளவுதானா?" என்று கேள்வி வருகிறது. "ஒடம்பு முடியலங்க ஐயா, கை தூக்கவே பாரமா இருக்கு" என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை யாரும் செக்ரோலில் எழுதுவதில்லை. சோம்பேறி என்ற சொல்தான் மிஞ்சுகிறது. சில வேளை அந்தச் சொல்லை நாமே நம் பக்கத்து நிரைக்காரியைப் பார்த்துச் சொல்லிவிடுகிறோம்.

"கை பாரமா இருக்கு" என்பது சாக்கா, உண்மையா? இதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

ஒரு நிமிடச் சோதனை

பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஒன்றைப் புரியவைக்க வேண்டுமென்றால் முதலில் செய்து பார்க்கச் சொல்வோம். இங்கேயும் அப்படியே. தோள்வலி உள்ளவர்கள், நெஞ்சு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் சும்மா இருங்கள். மற்றவர்கள் வலது கையைத் தலைக்கு மேலே நேராக உயர்த்துங்கள். இடது கையைக் கீழே தொங்கவிடுங்கள். இப்போது இரண்டு கை விரல்களையும் ஒன்றாக மடக்குங்கள், விரியுங்கள். வேகம் ஒன்றுபோல இருக்கட்டும். 60 வரை எண்ணுவோம்.

(கூட்டம் எண்ணுகிறது.)

எந்தக் கை களைத்தது? மேலே இருந்த கை. இரண்டு கையும் ஒரே வேலையைத்தான் செய்தன, எண்ணிக்கையும் ஒன்றுதான். அப்படியிருந்தும் மேலே இருந்த கைக்கு அந்த வேலை பாரமாகத் தெரிந்தது. இப்போது அதைக் கீழே விடுங்கள். கொஞ்ச நேரத்தில் சூடு பரவுகிறது, கை லேசாகிறது.

காரணம் இதுதான். இருதயத்திலிருந்து இரத்தம் உயர்த்திய கைக்கு மேல்நோக்கி ஏற வேண்டும். கூனித் தோட்டத்துப் பீலியில் கீழ் லயத்துக்குத் தண்ணீர் வேகமாக வரும், மேல் லயத்துக்குச் சொட்டுச் சொட்டாக வரும். அதுபோலத்தான். வேலை மாறவில்லை, இரத்தம் வந்த அளவுதான் மாறியது. அதைக் கை உடனே உணர்ந்து சொல்லிவிட்டது.

கை எப்படி உணர்கிறது?

தசைக்கு வேலை செய்ய ஒட்சிசனும் சீனியும் வேண்டும். இரண்டையும் கொண்டு வருவது இரத்தம். வேலை செய்யும்போது தசைக்குள் சேருகிற கழிவை வெளியே எடுத்துப் போவதும் இரத்தம்தான். வரவும் போக்கும் இரண்டுமே இரத்தத்தின் பொறுப்பு.

தசை இறுகும்போது தனக்குள்ளே ஓடுகிற சின்ன இரத்தக் குழாய்களைத் தானே நசுக்குகிறது. தளரும்போது குழாய் திறக்கிறது, இரத்தம் பாய்கிறது. நடக்கும்போது கால் இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து போகிறது. அதனால் நெடுந்தூரம் நடக்க முடிகிறது. ஆனால் ஒரு குடத்தை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று பாருங்கள். சில நிமிடத்தில் கை கடுக்கும். நடப்பதைவிட நிற்பது களைப்பு என்று நம் பாட்டிமார் சொன்னதில் இந்த உண்மை இருக்கிறது. இறுக்கிப் பிடித்த தசைக்குள் இரத்தம் சரியாக ஓடுவதில்லை.

இரத்தம் குறைந்தால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, வெளியே போக முடியாத கழிவு தசைக்குள்ளே தேங்குகிறது. அங்கே உள்ள மெல்லிய நரம்புகள் அதை மூளைக்குச் சொல்கின்றன. அதுதான் கடுப்பு, எரிச்சல். இரண்டாவது, ஒட்சிசன் குறைந்த தசை பலம் இழக்கிறது. பலம் இழந்த தசையிடம் பழைய வேலையை வாங்க, மூளை முன்னைவிடப் பலமாகக் கட்டளை போட வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டளையின் பலத்தைத்தான் நாம் "பாரம்" என்று உணர்கிறோம். பீலியில் நிரப்பிய குடம் லயத்து வாசலுக்கு வரும்போது கூடுதலாகக் கனக்கிறது. வழியில் யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. கனத்தது குடமல்ல, கைக்குப் போட்ட கட்டளை.

இது ஊகப் பேச்சல்ல. 1931இல் லண்டனில் தோமஸ் லூயிஸ் என்ற வைத்தியரும் அவரோடு வேலை செய்தவர்களும், இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டியைப் போன்ற ஒன்றால் கைக்குப் போகிற இரத்தத்தை நிறுத்திவிட்டு, அந்தக் கையால் திரும்பத் திரும்ப இறுக்கிப் பிடிக்கச் செய்தார்கள். சீக்கிரமே தாங்க முடியாத வலி வந்தது. பிடிப்பதை நிறுத்திய பிறகும், பட்டி இறுகியிருந்த வரை வலி போகவில்லை. பட்டியைத் தளர்த்தி இரத்தத்தை விட்டதும் சில விநாடியில் வலி போய்விட்டது. 1937இல் ஆலம், ஸ்மிர்க் என்ற இருவர் இன்னொன்றைக் காட்டினார்கள். வேலை செய்த தசையில் இரத்தத்தை அடைத்து வைத்தால், வேலை நின்ற பிறகும் உடம்பின் இரத்த அழுத்தம் உயர்ந்தே இருந்தது. அதாவது அடைபட்ட ஒரு தசையின் முறைப்பாடு இருதயம் வரை போய்ச் சேருகிறது.

ஜப்பானில் யொஷியாகி சாட்டோ என்பவர் "காட்சு" என்ற ஒரு பயிற்சி முறையை உண்டாக்கினார். கையின் மேற்பகுதியிலோ தொடையிலோ பட்டி கட்டி, இரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மிகச் சின்னப் பாரத்தைத் தூக்குவார்கள். பட்டியில்லாமல் தூக்கும்போது விளையாட்டாகத் தெரிகிற பாரம், பட்டியோடு தூக்கும்போது பெரும் பாரமாகத் தெரியும். அங்கே அதைப் பயிற்றப்பட்டவர் பக்கத்தில் நிற்க, சில நிமிடம் செய்து, பட்டியைக் கழற்றிவிடுவார்கள். யாரும் வீட்டில் கட்டிப் பார்க்க வேண்டாம். நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான். பாரம் எவ்வளவு என்பதைத் தராசு சொல்லும். அது எவ்வளவு பாரமாகத் தெரிகிறது என்பதை இரத்த ஓட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

நம் மலையில் பட்டி எங்கே இருக்கிறது?

ஜப்பான்காரர்கள் விரும்பிக் கட்டுகிற பட்டி, நம் உடம்பில் நாம் கேட்காமலே கட்டியிருக்கிறது. எங்கெங்கே என்று பார்ப்போம்.

முதலாவது, கயிறு. கூடைக் கயிறோ சாக்குப் பையின் பட்டியோ தலையிலும் தோளிலும் ஒரே கோட்டில் அழுத்துகிறது. மெல்லிய கயிறு என்றால் முழுப் பாரமும் அந்த ஒரு விரல் அகலத்தில் இறங்குகிறது. அதன் கீழே தோலும் தசையும் இரத்தக் குழாயும் நரம்பும் நசுங்குகின்றன. விரல் மரத்துப்போவதும், ராத்திரியில் தோள் எரிவதும் அதனால்தான் பலருக்கு வருகிறது. தலையில் மாட்டிய பாரத்தை நிறுத்திப் பிடிக்கக் கழுத்துத் தசை தளராமல் இறுகியே நிற்கிறது. அகலமான, மெத்தை வைத்த பட்டி என்றால் அதே பாரம் பரவி இறங்கும்.

இரண்டாவது, செடியின் உயரம். கவ்வாத்துக் காலம் தள்ளிப்போன மலையில் செடி நெஞ்சுக்கு மேலே நிற்கிறது. கையை உயர்த்தியே கொழுந்து எடுக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன் 60 எண்ணினோமே, அதை ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் செய்கிறோம் என்று யோசியுங்கள். குட்டையான சகோதரிக்கு அதே செடி இன்னும் உயரம். அவருக்கு மட்டக்கம்பும் உயரம், மலையும் உயரம். ஆனால் கிலோ மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

மூன்றாவது, பிடி. கவ்வாத்துக் கத்தியோ கொழுந்து வெட்டுகிற கத்திரியோ பிடித்த கை தளர இடமில்லை. கைப்பிடி சறுக்கினாலும், கத்தி மொட்டையானாலும் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கம் கூடக் கூட முன்கைக்கு இரத்தம் குறைகிறது. ஆண் தோழர்கள் சாயந்தரம் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறதென்றால், அதைக் குடிகாரன் கை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நான்காவது, குளிர். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துப் பனியில், நனைந்த செடிக்குள் காலையில் கை விடும்போது விரல் சில்லிட்டுப் போகிறது. குளிரில் உடம்பு சூட்டைக் காப்பாற்றத் தோலுக்குப் போகிற இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல் விறைத்துப்போகும். வேலை தொடங்குகிற நேரத்திலேயே பாதிக் கை நம்மிடம் இல்லை.

ஐந்தாவது, இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்கும், அட்டைக்குப் பயந்து காலில் கட்டிய கட்டும். கட்ட வேண்டியதுதான். ஆனால் தோலில் தடம் பதிகிற அளவு இறுக்கினால் காலுக்குப் போன இரத்தம் திரும்பி வர முடியாது. சாயந்தரம் கால் வீங்குவதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

இரத்தம் ஓடினாலும் போதாது

இதுவரை சொன்னது இரத்தம் வருகிற வழி அடைபடுவது. இன்னொன்று இருக்கிறது. வழி திறந்திருக்கிறது, இரத்தமும் வருகிறது, ஆனால் அந்த இரத்தத்தில் சரக்கு இல்லை. லொறி வருகிறது, அரிசி மூட்டை இல்லை. தசைக்கு இரண்டும் ஒன்றுதான். அதுவும் பட்டினி, இதுவும் பட்டினி.

இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச் சத்து வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால், கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11 கிராமுக்கும், நடு மூன்று மாதத்தில் 10.5 கிராமுக்கும் குறைந்தால், இரத்தச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நம் களைப்பைப் பற்றிய மிக முக்கியமான ஆராய்ச்சி ஒன்று நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்திலேயே நடந்திருக்கிறது. நம்மில் அநேகமானோருக்கு அது தெரியாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து எட்ஜர்ட்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், பேராதனையில் மருத்துவம் கற்பித்த செனவிரத்ன போன்ற நம் நாட்டு வைத்தியர்களும் சேர்ந்து அதைச் செய்தார்கள். 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அது வெளிவந்தது. இரத்தச்சோகை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச் சத்துக் கொடுத்தார்கள், மற்றப் பகுதியினருக்குக் கொடுக்கவில்லை. ஈமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாகக் கொழுந்து எடுத்தார்கள். 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே இருந்த, மிகவும் இரத்தம் குறைந்தவர்களில்தான் அந்த முன்னேற்றம் அதிகமாகத் தெரிந்தது.

அதே குழுவினர் அதற்கு முன், 1977இல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டுப் பெண்களை ஓடும் பட்டியில் நடக்கவைத்துப் பார்த்தார்கள். ஈமோகுளோபின் குறைந்தவர்கள் சீக்கிரம் நின்றுவிட்டார்கள். அதே வேலைக்கு அவர்களுடைய இருதயம் கூடுதல் வேகத்தில் அடித்தது.

இப்போது மடுவத்துக்குத் திரும்பி வாருங்கள். 22 கிலோ எடுத்தவரும் 14 கிலோ எடுத்தவரும் நிற்கிறார்கள். 14 கிலோ எடுத்தவருடைய ஈமோகுளோபின் 7 கிராம் என்று வையுங்கள். அந்த 14 கிலோவுக்கு அவருடைய இருதயம் அடித்த அடி, மற்றவருடைய 22 கிலோவுக்கு அடித்ததைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கலாம். அவர் குறைவாக உழைக்கவில்லை. உழைப்பு கூடுதல், கொழுந்துதான் குறைவு. தராசில் நிற்பது கொழுந்து மட்டும்.

"ஒடம்பு முடியல" என்ற சொல்லைச் சாக்கு என்று சொன்னவர்களுக்கு 1979லேயே பதில் வந்துவிட்டது. இரத்தச்சோகை உள்ளவர்கள் சொல்கிற களைப்பும் பலவீனமும் உண்மையானவை என்பதற்கு இது தெளிவான சான்று என்றே அந்த ஆய்வு முடிகிறது.

இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி

ஆனால் ஒன்றில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். அதே ஆய்வில், இரும்புச் சத்துக் கொடுத்தால் உற்பத்தி கூடும், பொருளாதாரத்துக்கு லாபம் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கம்பனிக்காரர் அதை வாசித்தால் என்ன நினைப்பார்? "குளிசை கொடுப்போம், 18 கிலோவை 22 ஆக்குவோம்" என்று நினைக்கலாம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானபோது, பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டச் சொல்லி வந்த நெருக்குதலை நாம் மறக்கவில்லை. ஒரு கையால் தந்து மறு கையால் எடுப்பது நமக்குப் புதிதல்ல.

அதனால் அந்த ஆய்வின் மற்றொரு முடிவை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளர்கள் கொழுந்தை மட்டும் நிறுக்கவில்லை. 24 மணித்தியாலத்திலும் உடம்பு எவ்வளவு அசைகிறது என்றும் அளந்தார்கள். இரும்புச் சத்துக் கிடைத்தவர்கள் ஏறக்குறைய மூன்று வாரத்தில், மற்றவர்களைவிடக் கூடுதலாக நடமாடினார்கள். இது மலையில் மட்டுமல்ல, நாள் முழுவதும்.

இதன் அர்த்தம் என்ன? இரத்தம் குறைந்த தாய், மலையில் இருந்த பலத்தையெல்லாம் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து விழுகிறார். பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்து காட்டினால் "நாளைக்குப் பார்க்கிறேன் கண்ணு" என்கிறார். அந்த நாளை வருவதில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வராத தாய்மாரைப் பற்றி, அக்கறையில்லாதவர்கள் என்று பாடசாலைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அக்கறை இருக்கிறது. கூட்டத்துக்கு நடந்து வர இரத்தம் இல்லை. கொழுந்தில் குறைந்தது தராசில் தெரிகிறது, வீட்டில் குறைந்தது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

எனவே நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். இரத்தச்சோகைக்கு மருந்து வேண்டும், அது நம் உடம்புக்காக, நம் பிள்ளைகளுக்காக. ஏறுகிற ஒவ்வொரு கிராம் ஈமோகுளோபினுக்கும் கிலோ ஏற்றுவதை நாம் ஏற்க மாட்டோம்.

நாமே செய்யக்கூடியவை

கையை உயர்த்தி வேலை செய்கிறபோது, நிரை மாறுகிற ஒவ்வொரு முறையும் கையைக் கீழே விட்டு ஒரு பத்து எண்ணுகிற நேரம் உதறுங்கள். அந்தப் பத்து விநாடி நேர விரயமல்ல. அடைபட்ட வாய்க்காலைத் திறந்துவிடுகிற நேரம்.

கயிற்றுக்குக் கீழே பழைய துணியை நாலாக மடித்து அகலமாக வையுங்கள். பையை ஒரே தோளில் நாள் முழுக்கப் போடாமல் மாற்றிப் போடுங்கள். படங்கையும் கால்கட்டையும் ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் கட்டுங்கள்.

இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரத்தச்சோகை எல்லாம் இரும்புக் குறைவால் வருவதல்ல. கொக்கிப்புழு, அதிக மாதவிடாய், தலசீமியா என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் கடையில் குளிசை வாங்கி நீங்களாகவே விழுங்காமல், வைத்தியர் அல்லது குடும்பநல மாது சொல்கிறபடி எடுங்கள். இரும்புக் குளிசை எடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குளிசையைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளை அதிகமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நாம் பறிக்கிற தேயிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற தேத்தண்ணி, சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடிப்பது நம் பழக்கம். அதை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். பருப்பு, முருங்கைக்கீரை, பயறு சாப்பிடும்போது கொஞ்சம் தேசிக்காய் பிழியுங்கள், இரும்பு கூடுதலாகச் சேரும். முடிந்தபோது நெத்தலி, கருவாடு, ஈரல், இறைச்சி சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தபோது என்றுதான் சொல்கிறோம். விலை என்ன என்று எங்களுக்கும் தெரியும். அதனால்தான் இது சம்பளப் பிரச்சினை என்று முதலிலேயே சொன்னோம்.

சில அறிகுறிகளைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. மேடு ஏறும்போது நெஞ்சை இறுக்கி, நின்றால் தணிகிறதா? இருதயத்துக்குப் போகிற இரத்தம் அடைபடுகிறதாக இருக்கலாம். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் விட்டு, நடந்தால் திரும்ப வருகிறதா? காலுக்குப் போகிற குழாய் சுருங்கியிருக்கலாம். சுருட்டு, பீடி குடிப்பவர்களுக்கும் சீனி வியாதி உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வரும். இவர்கள் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். நின்றும் நெஞ்சு இறுக்கம் தணியவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு முட்டுகிறது என்றால், பிரட்டு முடியட்டும், நிறுவை முடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சங்கம் கேட்க வேண்டியவை

துணியை மடித்து வைப்பது நம் வேலை. நல்ல பட்டி தருவது நிர்வாகத்தின் வேலை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த பேச்சுவார்த்தையில் இவற்றை எழுத்தில் வைக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

ஒன்று: எல்லாத் தொழிலாளருக்கும் வருடத்துக்கு இரண்டு முறை, வேலை நேரத்தில், பேர் குறையாமல், ஈமோகுளோபின் பரிசோதனை. முடிவு தொழிலாளியின் கையில்தான் கொடுக்கப்பட வேண்டும், துரையின் மேசைக்குப் போகக் கூடாது.

இரண்டு: இரத்தச்சோகை என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தவருக்கு, குணமாகும் வரை கிலோ பார்க்காமல் முழுப் பேர்.

மூன்று: அகலமான, மெத்தை வைத்த தோள்பட்டியும் கூர்மையான கத்தியும் நல்ல கைப்பிடியும் நிர்வாகச் செலவில்.

நான்கு: கவ்வாத்துத் தள்ளிப்போய்ச் செடி உயர்ந்த மலையில் கிலோவைக் குறைக்க வேண்டும். ஆடி, ஆவணியில் வறண்ட காற்று அடித்துக் கொழுந்து சுருங்குகிற காலத்திலும் அப்படியே.

ஐந்து: பாரத்தோடு நீண்ட நேரம் நிற்காதபடி, நிறுவை அடிக்கடியும் மலைக்குப் பக்கத்திலும் நடக்க வேண்டும்.

இவற்றைக் கேட்கும்போது "ஆதாரம் எங்கே?" என்பார்கள். ஆதாரத்தை நாமே சேர்க்கலாம். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் ஒரு எளிய அளவுகோலைச் செய்தார். வேலை எவ்வளவு பாரமாகத் தெரிந்தது என்று தொழிலாளியே 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்ல வேண்டும். 0 என்றால் ஒன்றுமில்லை, 5 என்றால் பாரம், 10 என்றால் இதற்கு மேல் தாங்காது. உலகம் முழுவதும் வைத்தியர்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். விளையாட்டு வீரர் சொல்கிற எண்ணை நம்புகிற உலகம், கொழுந்து எடுக்கிற பெண் சொல்கிற எண்ணையும் நம்பத்தான் வேண்டும்.

ஆளுக்கொரு கொப்பி போடுங்கள். திகதி, மலை நம்பர், கிலோ, அன்றைய களைப்பு எண். நான்கே நிரல். எழுதத் தெரியாத அம்மாமாருக்கு வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும், பிள்ளைக்கும் அது நல்ல கணக்குப் பாடம். தூக்கமின்மை, பசி, வீட்டுக் கவலை எல்லாம் அந்த எண்ணை ஏற்றும் என்பது உண்மைதான். அதனால்தான் ஒருவருடைய ஒரு நாளை வைத்து நாம் பேசப் போவதில்லை. மூன்று மாதம், ஒரு டிவிசன் முழுவதும். உயர்ந்த செடி உள்ள மலையில் எல்லோருடைய எண்ணும் 8, 9 என்று நிற்குமானால், அதை ஒரு பெண்ணின் சோம்பல் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

தாய்மார்களே, நாம் இங்கிருந்து எடுத்துப் போக வேண்டியது ஒன்றுதான். களைப்பு வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. அது உடம்பு எழுதுகிற முறைப்பாட்டுக் கடிதம். அதை இவ்வளவு காலம் நாம் நமக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டோம். இனி சங்கத்தின் மேசையில் வைப்போம். நாளைக் காலை பிரட்டுக்குப் போகும்போது, பக்கத்து நிரைக்காரியிடம் "ஏன் இவ்வளவு மெதுவா?" என்று கேட்காமல், "இரத்தம் பார்த்தியா அக்கா?" என்று கேட்போம். நம் ஒற்றுமை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.